டப்பா சூப்பும் மதியச் சாப்பாடும்: ஒரு வினைச்சொல் ஆராய்ச்சி

குறைந்த கலோரி டப்பா சூப் மதியச் சாப்பாடு ஆகுமா என்ற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இதற்குள் இரண்டு கருத்தரங்கும் மூன்று பரம்பரைப் பகையும் விளைந்திருக்கும். அக்குறை தீர, தூத்துக்குடியில் என் வயிற்றையே களமாக்கி ஒரு வாரம் ஆய்வு நடத்தினேன். வாரம் என்பது மூன்று நாள்.

முதலில் சொற்பிறப்பு. 'சூப்' தமிழ்ச் சொல்லே. குழந்தை விரல் சூப்புகிறது. பெரியவர்கள் முருங்கைக்காய் சூப்புகிறார்கள். ஆட்டுக்கால் எலும்பைச் சூப்புகிறவர் எந்த அகராதியையும் கேட்டுக்கொண்டு சூப்புவதில்லை (காண்க: மாமியார், அடுக்களை உரை, முதல் கொதி). கொற்கையில் முத்து வாங்க வந்த யவனன், கரையில் யாரோ நண்டுக்கால் சூப்பியதைப் பார்த்து, முத்தோடு சொல்லையும் முடிந்துகொண்டு கப்பலேறினான் என்பது என் துணிபு. சான்று எங்கே என்பீர்கள். கடல் கொண்டுவிட்டது. சான்று இல்லாமையே அதற்குச் சான்று (அதே மாமியார், திருத்திய பதிப்பு, குக்கர் மூன்றாம் விசில், பெருங்காயம் சேர்த்தது). மறுப்பவர் தமிழ்ப் பகைவர்.

இவ்வளவு சூப்பியபின் ஒரு சங்கடம். மெய்யாகவே இங்கிருந்து போன சூப் ஒன்று உண்டு: முல்லிகட்டானி. நம் மிளகுத்தண்ணீர்தான் அது. யூலும் பர்னலும் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். சென்னை மாகாணத்து வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு 'மல்' என்று பட்டப்பெயர் வந்ததே இந்தச் சூப்பால்தான் என்றும் அதில் இருக்கிறது. சான்று கையில் இருப்பதால் நம் அறிஞர்களுக்கு இதில் சுவை தட்டவில்லை.

1897இல் கேம்பெல் நிறுவனத்து வேதியியலாளர் ஜான் டோரன்ஸ், சூப்பில் தண்ணீரைக் குறைத்து டப்பாவில் அடைக்க வழி கண்டார். மிளகுத்தண்ணீரில் தண்ணீரை எடுத்தால் இலக்கணப்படி எஞ்சுவது மிளகு. அந்தத் தண்ணீரை நம் வீட்டில் தாமிரபரணி திருப்பிச் சேர்க்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யின் பெயரைத் தாங்கிய துறைமுகம் உள்ள ஊரில், ரசத்தைப் பரதேசி டப்பாவில் வாங்கிக் குடிக்கிறோம். இதைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். அழுகை வந்ததால் நீக்கிவிட்டேன்.

கலோரி: குறைவு. டப்பாவிலேயே போட்டிருக்கிறது.

சுவை: உப்பு.

இனி மையச் சிக்கல். தமிழில் மதியத்துக்கு உரிய வினை 'சாப்பிடு'. சூப்புக்கு உரிய வினை 'குடி'. குடித்தது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சாப்பிட்டதாகாது (மாமியாரை மேற்கோள் காட்டும் மனைவி, மனைவியை மறுக்கும் மாமியார், இருவரையும் படிக்காமலே அணிந்துரை தந்த மாமனார், ஈஸிசேர் வெளியீடு). களச்சான்று வருமாறு. முதல் நாள் பன்னிரண்டரை மணி. சூப்பை முடித்துக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தேன். மச்சினன் வந்தான்.

"அத்தான், சாப்டீயளா?"

"சூப் குடிச்சேன்."

"அது சரி. சாப்டீயளா?"

அகராதிக்கு அப்பாற்பட்ட தெளிவு.

முத்துக் குளிக்கிறவருக்குக் கயிறு பிடிக்க மச்சினனையே வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறதே. என் ஆய்விலும் அம்முறையே கையாளப்பட்டது. குளியாளி கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதுபோல் நான் சூப்பைக் கட்டிக்கொண்டு பகலுக்குள் இறங்கினேன். இரண்டு மணிக்கு அடி தட்டியது. மூன்றரைக்குக் காது அடைத்தது. நாலு இருபதுக்குக் கயிற்றை அசைத்தேன். மச்சினன் பைக்கை எடுத்தான்.

பரோட்டாக் கடையில் கல் சூடாகிக்கொண்டிருந்தது. ஆய்வில் நடுநிலை பிறழக்கூடாது என்பதால், "சால்னா மட்டும் ஒரு கிண்ணம்" என்றேன். சால்னாவும் நீர்ப்பொருள்தான், ஆனால் அதை யாரும் குடிப்பதில்லை, ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நீர்ப்பொருள் சாப்பாடாவதற்கு வேண்டிய துணைவினை எது என்று குறித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் குறுக்கிட்டார்.

"பரோட்டா எத்தனை அண்ணாச்சி?"

"நாலு."

"சாதாவா, பொரிச்சதா?"

"பொரிச்சது."

அவற்றின் கலோரி இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று.