மரமில்லாக் காட்டுக்கு வழிகாட்டி

இங்கிலிஷ் டியூஷன் வாத்தியார் என்ற ஒரே தகுதியில், கொழும்பிலிருந்து வந்த அக்கா குடும்பத்துக்கு நான் வழிகாட்டியானேன். "நக்கிள்ஸ் ஃபொரஸ்ட் காட்டுறேன், வெயிலே உள்ள வராது" என்று மாத்தளையில் வேன் ஏறும்போதே அளந்துவிட்டேன். ரத்தோட்டை, ரிவஸ்டன் கடந்து நான் பெருமையாக இறக்கிவிட்ட இடம் பிட்டவல பத்தன. கண்ணுக்கெட்டியவரை குட்டைப் புல், நடுநடுவே பாறை, உச்சி வெயில்.

"என்ன மாப்ள, காடு எங்க?" என்றார் மச்சான். அக்கா நிழல் தேடி வேனுக்கே திரும்பிவிட்டாள்.

வாத்தியார் சும்மா விடுவானா? புல்லிலேயே வகுப்பைத் தொடங்கினேன். ஃபொரஸ்ட் என்றால் மரக்கூட்டம் என்று யார் சொன்னது? (பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிவருகிறேன், அதை வெளியில் விடவில்லை.) 'வெளியே' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அரசனின் வேட்டைக்கென்று பொதுச் சட்டத்துக்கு வெளியே ஒதுக்கிய நிலம். மரம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, மான் அரசனுடையது. 1079 வாக்கில் இங்கிலாந்து அரசன் முதலாம் வில்லியம் ஒதுக்கிய நியூ ஃபொரஸ்ட்டில் இன்றும் பரந்த இடங்கள் வெறும் புல்லும் புதரும்தான். இந்தப் பத்தனையும் அப்படித்தான். 2000இல் அறிவித்த நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துக்குள் சேர்ந்தது.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. விடாமல் இங்கிலாந்திலிருந்து 1840இன் இலங்கைக்குத் தாவினேன். அந்த வருடத்து 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், இல்லையென்று நிரூபிக்கும்வரை பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றது. வெட்டி எரித்து விதைத்து, பிறகு சில வருடம் சும்மா விடும் சேனைக்குக் கண்டிப் பக்கத்துக் குடியானவனிடம் காணி உறுதி ஏது? அதையும் முடி எடுத்துக்கொண்டது. காடென்று எடுத்த நிலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் செய்த முதல் வேலை, கோப்பி போட மரத்தை வெட்டியது. அந்தக் கோப்பிக்குத்தான் நம்ம பூட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்...

இந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது திட்டம். பார்த்தால், மச்சான் ரிவஸ்டனில் ஏறிய அட்டையைக் காலிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். மருமகள் மட்டும்தான் கேட்டாள். "மாமா, எக்ஸாம்ல ஃபொரஸ்ட்டுக்கு என்ன எழுதணும்?"

"காடுன்னே எழுது."

திரும்பும் வழியில் அவளே ஒரு மரத்தைக் காட்டிப் பேர் கேட்டாள். "காட்டு மரம்" என்றேன். நக்கிள்ஸ் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தவளையொன்று பத்தனையின் பாறை ஈரத்தில் வாழ்கிறது, அதையாவது காட்டியிருக்கலாம். நான் லத்தீனில் இருந்துவிட்டேன்.

பிட்டவல போகிறவர்கள் தொப்பி கொண்டுபோங்கள், காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். வழிகாட்ட என்னைக் கூப்பிட வேண்டாம்.