சேவலுக்குத் தடை

வெருகல் ஆற்றுக்கு அங்கால சித்திரவேலாயுதர் என்ற பெயரில் முருகன் இருக்கிறார். இங்கால, கதிரவெளியில், அக்கா வீட்டுத் திண்ணையில் என் மருமகன் போனோடு இருக்கிறான். இரண்டு பேருக்கும் சேவல்தான் அடையாளம். அவருக்குக் கொடியில், இவனுக்குப் போனின் முகப்பில்.

கந்தசஷ்டி விரதம் தொடங்கி இரண்டாம் நாள். அக்கா பால்பழத்தோடு சுருண்டு கிடக்க, இவன் எழும்பி ஓடிவந்தான்.

"மாமா, சேவலை பேன் பண்ணி வைச்சிருக்கிறாங்க. டீமே செல்லாதாம்!"

விசாரித்ததில், கேம் போக்கிமான். 1996ல் ஜப்பானில் பிறந்தது. ஆறு விலங்குகளைச் சேர்த்து அணி கட்டி, அடுத்தவனின் ஆறோடு மோத விட வேண்டும். இவன் விளையாடப் போனது அதன் ஐந்தாம் தலைமுறையை. இவனுடைய சேவலின் பெயர் பிளேசிகன். காலில் நெருப்பு, உதைத்தால் எதிரி சரி. அது மட்டும் என்றால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தலைமுறையில் அதற்கு இன்னொரு குணத்தையும் கொடுத்துவிட்டார்கள்: ஒவ்வொரு சுற்று முடியும்போதும் வேகம் ஒரு படி தானாக ஏறும். ஆகவே முதல் சுற்றில் அடிக்காமல் கேடயத்தின் பின்னால் ஒளிந்திருந்தால் போதும். எதிரியின் அடி வீண், சேவலுக்கு வேகம் இலவசம். மறுகா அது ஒவ்வொருவராய் உதைத்துக்கொண்டு போகும், எதிராளி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்மோகன் என்றொரு ஆட்டக்காரர் சபை கூடி, சேவலைத் தூக்கி உபர்ஸ் என்ற மேல்வகுப்பில் போட்டது. அளவுக்கு மிஞ்சிய ஆட்களுக்கென்று கட்டிய தனி வகுப்பு அது.

"ஐந்தாம் தலைமுறை என்ன பெரிய தலைமுறை? இந்த வழக்கு சூரன் காலத்து வழக்கு தம்பி. முருகனின் சேவலே அந்த வழக்கில் பிறந்ததுதான்" என்றேன். போனை மடியில் வைத்தான். இந்த வருடத்தில் அது எனக்குப் பெரிய வெற்றி.

கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தைப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டில் சொன்னார். நான் திண்ணை அளவுக்குச் சொல்கிறேன்.

சூரபத்மன் குறுக்கு வழியில் வந்தவன் அல்ல. வேள்வி செய்தான், தன் தசையை அரிந்து தீயில் போட்டான், கடைசியில் தானே குதித்தான். இராத்திரி பகலாக ஒரே விளையாட்டில் கிடக்கும் பிள்ளைகளுக்கு இந்த உழைப்பின் அருமை தெரியும். சிவன் வந்து 1008 அண்டத்தின் ஆட்சியையும் 108 யுக ஆயுளையும் கொடுத்தார். பறக்கும் இந்திரஞாலத் தேர் ஒன்றும் கிடைத்தது. என் சக்தியைத் தவிர வேறெதுவும் உன்னைக் கொல்லாது என்று முத்திரையும் குத்தினார். கொடுக்கும்போது மற்ற ஆட்டக்காரரைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்தாரா? படைப்பவருக்கு ஏது அந்தக் கவலை! போக்கிமான்காரர்களும் 150ஆம் எண்ணில் மியூட்டு என்றொன்றை வைத்தார்கள். அதன் விசேட சக்தி 154, வேகம் 130. பக்கத்தில் நிற்க ஆளில்லை. மறுகா தாங்களே நடத்திய கோப்பையில் மியூட்டு வரக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள்.

சூரன் தென்கடலில் வீரமகேந்திரபுரியைக் கட்டினான். புராணக் கணக்கில் அது இலங்கைக்கும் தெற்கே, அதாவது நமக்கு அயலூர். தேவர்களைப் பிடித்து ஊழியம் செய்ய வைத்தான். என்ன ஊழியம்? அசுரர்களுக்கு மீன் பிடித்துச் சுமந்து கொடுப்பது. தேவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அழுத அழுகை புராணம் முழுக்க நனைந்து கிடக்கிறது. எங்கள் கரையில் விடிய நாலு மணிக்கு வலை இழுக்கிறவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? மீன் சுமந்தால் மானம் போகும் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் மானமே இருக்க முடியாது. சூரன் மேல் ஆயிரம் குற்றம் இருக்கலாம், இந்த ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

இந்திரன் சீர்காழியில் போய் ஒளிந்தான். மற்றவர்கள் மனுக் கொடுக்கக் கிளம்பினார்கள். ஆனால் படைத்தவர் தவத்தில் இருந்தார், கதவு சாத்து. கதவைத் தட்ட மன்மதனை அனுப்பினார்கள். அவன் பூவம்பால் தட்டினான். நெற்றிக்கண் திறந்தது, மன்மதன் சாம்பல். முறைப்பாடு கொண்டுபோன முதல் ஆளின் கதி அது.

ஸ்மோகனில் இந்த ஆபத்து இல்லை. தகுதி வாய்ந்த ஆட்டக்காரர்கள் வாக்களிக்கிறார்கள், இப்போதைய வழக்கப்படி தடைக்கு 60 விழுக்காடு வேண்டும். அந்த வாக்கு கைலாயத்தில் நடந்திருந்தால் தேவர்கள் ஆளுக்கு இரண்டு கை தூக்கியிருப்பார்கள். நாலு கை உள்ளவர்கள் நாலும்.

சிவன் தடை போடவில்லை. கொடுத்த வரத்தைத் திருப்பி வாங்கவுமில்லை. இன்றைக்கு எல்லா கேம் கம்பெனியும் செய்கிற வேலையைச் செய்தார்: பழையதை அடக்க அதைவிடப் பெரியதொன்றை வெளியிட்டார். ஆறு பொறி, சரவணப் பொய்கை, ஆறு குழந்தை. உமையம்மை வாரி அணைக்க ஆறும் ஒன்றானது.

இந்த இடத்தில் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, ஒரு டீமில ஆறு இடம்தான். இவர் ஒரு இடத்திலயே ஆறு பேரா? இது சட்டப்படி இல்லையே!"

உள்ளேயிருந்து அக்காவின் இருமல் கேட்டது. நான் குரலைத் தணித்தேன்.

முருகன் முதலில் தன் படைத்தலைவர் வீரவாகுவைத் தூது அனுப்பினார். சமாதானத் தூதர் வரும் வழியில் இலங்கைக் காவலில் நின்ற யாளிமுகனின் மகன் அதிவீரனைக் கொன்றுவிட்டுத்தான் பேச்சுவார்த்தைக்குப் போனார். சூரன் கேட்கவில்லை. வந்திருப்பது ஒரு பாலகன்தானே என்று ஏளனம் செய்தான். சின்னதைக் கண்டு சிரிப்பது பழைய வியாதி. 2014 போக்கிமான் உலகப் போட்டியில் கொரியாக்காரர் பார்க் செ-ஜுன் தன் அணியில் ஒரு அணிலைக் கொண்டுவந்தார். பெயர் பச்சிரிசு. மருமகன் சொன்னபோது என் காதில் பச்சரிசி என்றுதான் விழுந்தது. பெரிய மிருகங்களின் அடியையெல்லாம் தன் பக்கம் இழுத்து வாங்கி, கூட்டாளிகளை அடிக்கவிட்டது. அந்த அணிலோடு கோப்பையைத் தூக்கினார் மனிதர்.

போர் ஆறாம் நாளுக்கு வந்தது. தம்பி தாரகன் போனான், மகன் பானுகோபன் போனான், மற்றத் தம்பி சிங்கமுகன் போனான். தனித்து நின்ற சூரன் உருவம் மாறத் தொடங்கினான். சக்கரவாகப் பறவையானான், கடலானான், இருளானான், கடலுக்கு நடுவில் மாமரமானான். வேல் மரத்தைப் பிளந்தது. உள்ளேயிருந்து வாளோடு வந்தவனையும் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். இரண்டும் சீறிக்கொண்டு வந்தன. முருகன் ஒரு பார்வை பார்த்தார், அடங்கின. மயிலை வாகனமாக்கினார், சேவலைக் கொடியில் ஏற்றினார்.

"பிடிச்சு டீமில சேர்த்திற்றாரா?" மருமகனின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப அதுவரைக்கும் சூரனை பேன் பண்ணு பேன் பண்ணு எண்டு கத்தின ஆக்கள்?"

"கும்பிட்டாங்க."

"முருகனை பேன் பண்ணச் சொல்லி ஆருமே கேக்கல்லையா?"

கேட்க யார் இருந்தார்கள்? கேட்கக்கூடியவர்கள் எல்லாரும் தோற்ற பக்கத்தில் கிடந்தார்கள். போக்கிமானில் மட்டும் அது நடந்தது. 2014ல் வந்த மெகா ரேக்குவாசாவை உபர்ஸுக்குள்கூட வைத்திருக்க முடியாமல், அதற்கும் மேலே 'எதுவும் செல்லும்' என்று இன்னொரு வகுப்பைத் திறந்தார்கள். நம்ம ஆட்கள் அந்த மேல்தட்டுக்குக் கோயில் என்று பெயர் வைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா வாசலில் நின்றாள்.

"விரத நாளில ரெண்டு பேரும் என்ன கதை கதைக்கிறீங்க?"

"புராணம்தான் அக்கா."

"புராணத்தில ஆரு பேன் பண்ணினது?"

கோயிலில் சூரன்போர் நடந்த அன்று மருமகன் சூரன் பொம்மையைத் தூக்கும் பக்கம் போனான். முருகனைத் தூக்க முதியவர்கள் நின்றார்கள், அமைதியான வேலை. இளந்தாரிகள் எல்லாருக்கும் சூரன்தான் வேண்டும். மரச் சூரனைத் தோளில் வைத்து முன்னால் ஓடலாம், கிறுகிப் பின்னால் ஓடலாம், குலுக்கலாம், கூட்டத்தைக் கலைக்கலாம். ஒவ்வொரு தலையாகக் கழற்றி மாட்டினார்கள். யானைமுகம் போய்ச் சிங்கமுகம், சூரன் முகம், மாவிலைக் கொத்து. கடைசியாகச் சேவல் தலை. அது கழுத்துக் குழியில் இறங்கவில்லை. மேலே ஏறி நின்றவர் கையால் தட்டிப் பார்த்தார், துணியைச் சுற்றிப் பார்த்தார், ஐயர் வேலோடு காத்து நின்றார். தடிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்த மருமகன் என்னைத் தேடிப் பிடித்துக் கத்தினான்:

"மாமா, இங்கயும் உள்ள விடுறாங்க இல்ல!"