டாங்க் காலி

எனக்கு இங்கிலிஸ் தெரியும் என்று கிளிநொச்சியில் முதலில் நம்பியவன் நான்தான். 2010இல், மீள்குடியேற்ற நேரம், ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்ததும் அந்தத் துணிவில்தான்.

முதல் கிழமையே அக்கராயன் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்திருந்த வெள்ளைக்காரி ஒரு கமக்காரரைக் காட்டி, இவர்களுடைய டாங்க் சண்டையில் சேதமானதா என்று கேட்டா. இலங்கை இங்கிலிசில் டாங்க் என்றால் குளம். அந்த நேரம் என் வாயில் வந்ததோ, "ஐயா, உங்கட டாங்கி உடைஞ்சுபோச்சோ?"

மனிசன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்தார். "என்னட்டை ஏன் ராசா டாங்கி? நான் ரெண்டு ஏக்கர் விதைக்கிறவன். மெனிக்பாம் முகாமில எல்லாம் விசாரிச்சுத்தானே விட்டவங்கள்..."

வெள்ளைக்காரி பேனையோடு என்னைப் பார்த்தா. "கொஞ்சம் சேதமாம்" என்றேன்.

பிழையை அறிக்கையில் திருத்தலாம் என்று இருந்து, குளக்கட்டைத் 'தாங்கிக் கட்டு' என்று எழுதிக் கொடுத்தேன். தண்ணீர்த் தாங்கி நினைவில் நின்றுவிட்டது. கமக்காரர் அமைப்புச் செயலாளர் வாசித்துவிட்டு, "குளக்கட்டு எண்டு எழுதினால் ஆரும் கோவிப்பினமோ, தம்பி?" என்றார்.

பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். குஜராத்தி நீர்த்தொட்டிச் சொல்லும் போர்த்துக்கேயரின் 'டாங்கே'யும் சேர்ந்துதான் இங்கிலிசுக்குள் போனதாம். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் தங்கள் இரும்பு வண்டியை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று கதை கட்டி அந்தப் பெயரை வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் அது இறங்கியது. ஆக, என்னை ஏமாற்றியது ஒரு பழைய ராணுவப் பொய். இதை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது மோட்டரை நிற்பாட்ட மறந்து, கூரைத் தாங்கி வழிந்து முற்றம் வெள்ளம்.

அந்த வேலையின் கடைசிக் கதை ஒரு மார்கழியில். ஏ9 வீதியில், போரில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. பெற்றோல் இல்லை. நீர்ப்பாசனத்தில் வேலை செய்யும் கூட்டாளிக்கு இங்கிலிசில் குறுஞ்செய்தி தட்டினேன்: "டாங்கடியில் நிற்கிறேன். டாங்க் காலி."

அரை மணித்தியாலம் கழித்து இரணைமடுக் குளக்கட்டில் இருந்து எடுத்தான். "விசரா, 36 அடியும் நிறைஞ்சு கதவு திறந்து கிடக்கு. ஆரடா உனக்குக் காலி எண்டு சொன்னது?"