கரிசல் தந்த உவமைகள்

எழுபதுகளில் எப்போதும்வென்றான் கிராமத்தில் நாங்கள் ஐந்தாம் வகுப்பு படித்தோம். சிலேட்டைக் கோவை இலையால் துடைத்துவிட்டு உவமைத்தொடர்களை எழுதுவோம். பசுமரத்தாணி போல, தாமரை இலைத் தண்ணீர் போல, மடை திறந்த வெள்ளம் போல. வாத்தியார் முதல் பாதியைச் சொன்னால் வகுப்பே மறுபாதியைக் கத்தும். ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைக்கிற மானாவாரிக் கரிசல் பூமி எங்களுடையது. மடை திறந்து வெள்ளம் பாய்வதைக் கண்ட பிள்ளைகள் குறைவு. ஆனாலும் மதிப்பெண் தவறியதில்லை.

வெளியே உவமை வேறு விதமாக வாழ்ந்தது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்த தம்பியைப் பிய்த்தெடுத்தபடி அம்மா சொன்னாள்: “மழையில நனஞ்ச கரிசல் மாதிரி காலப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கானே!” ஈரக் கரிசலில் நாலு எட்டு வைத்தவருக்கு அது புரியும். ஒவ்வொரு எட்டுக்கும் மண் அப்பிக் கால் கனத்துக்கொண்டே போகும். குச்சியால் சுரண்டினால்தான் விடும். அதை அப்படியே கட்டுரையில் எழுதினேன். சிவப்பு மையில் அடித்து, ‘கொச்சை’ என்று ஓரத்தில் குறித்துத் தந்தார் வாத்தியார்.

வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு அடிப்படைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஒட்டிக்கொள்ளும் செயலை ஒப்பிட்ட அம்மாவின் பேச்சு நல்ல வினையுவமை. அவள் பள்ளிக்கூடம் போனதேயில்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இப்படிப்பட்ட பேச்சைத்தான் இலக்கியமாக்கினார். கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. வகுப்பறையில் அடிபட்ட மொழிக்கு நாடே மாலை போட்டது.

இன்று ஆறாம் வகுப்புப் பேத்தியின் நோட்டிலும் அதே பசுமரத்தாணி, அதே மடை. பருத்தி விளைந்த காடுகள் பலவற்றில் மக்காச்சோளம் நிற்கிறது. நனைந்த கரிசலில் அவள் நடந்ததும் இல்லை. ஆனால் ஒருநாள் மாலை, “நெட்டு கிடைக்காத போன் மாதிரி கணக்கு சார் ஒரே இடத்துல சுத்திக்கிட்டே இருந்தாரு தாத்தா” என்றாள். அதுவும் வினையுவமைதான். அவள் கண்ணால் பார்த்து, தானே பொருத்திச் சொன்னது. ஆனால் அதை எழுத அவளுடைய வினாத்தாளில் இடமில்லை.

பழைய தொடர்கள் இருக்கட்டும். அவை நம் சொத்து. கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளுக்கு நடுவே, ‘நீ இன்று பார்த்த ஒன்றை உன் சொந்த உவமையால் சொல்’ என்று ஒரு கேள்வியும் வையுங்கள், ஆசிரியர்களே. பிள்ளைகள் எழுதுவதை அடிக்காமல் மதிப்பெண் போடுங்கள்.