460 வருஷம் கழித்து ஒரு துக்க விசாரிப்பு

கேள்வி: சரித்திரத் தொடரில் வரும் துரோகத்தைப் பார்த்து இன்னுமா ஜனங்கள் நிஜமாக அழுகிறார்கள்?

பதில்: துருக்கிக்காரர்களைக் கேளுங்கள். சுல்தான் சுலைமானின் அந்தப்புரக் கதையான ‘முஹ்தெஷெம் யூஸ்யில்’ 2011-ல் தொடங்கியதுமே, மாமன்னரை மதுவும் மங்கையுமாகக் காட்டுவதா என்று ஒளிபரப்பு வாரியத்துக்குப் புகார்கள் பறந்தன. (புகார் எழுதிய கையோடு அடுத்த வாரமும் டிவி முன் உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.) சுலைமான் 30 வருஷம் குதிரைமேல் கழித்தவராக்கும் என்று 2012-ல் பிரதமர் எர்டோகனே கடிந்துகொண்டார். தொடரில் குதிரையைவிடக் கட்டிலுக்குத்தான் வேலை அதிகம்.

2014 பிப்ரவரியில் வந்தது அந்தக் காட்சி. சூழ்ச்சிப் பேச்சை நம்பி, பெற்ற மகன் முஸ்தபாவையே கூடாரத்துக்கு வரவழைத்துக் கழுத்தை நெரித்துக் கொல்லவைக்கிறார் அப்பா. அவ்வளவுதான், பர்ஸா நகரில் உள்ள இளவரசனின் சமாதியில் கூட்டம் அலைமோதியது. சாவு விழுந்தது 1553-ல்! நம் ஊரில் பதினாறாம் நாளுக்குள் போகாவிட்டாலே சொந்தக்காரர்கள் முகம் கொடுக்க மாட்டார்கள்.

சதிக்காரி என்று பார்வையாளர்கள் வாய் வலிக்கத் திட்டிய சித்தி ஹுர்ரெம், தன் மகன் செலிம் அரியணை ஏறுவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1558-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.