பயாஸ் புதுப்பித்தலில் சும்மா இருத்தலின் இடம்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தல் குறித்து இதுகாறும் வெளிவந்த ஆய்வுகள் அனைத்தும் குறைபாடுடையன. இம்முடிவை எட்ட அவற்றைப் படிக்கும் தேவை எழவில்லை. ஆய்வெல்லை கருதி இக்கட்டுரை மேசைக் கணினியோடு நின்றுவிடுகிறது. மடிக்கணினிக்குத் தனி நல்கை கிடைக்குமாயின் அதிலும் ஐயங்கள் எழும்.

வரலாற்றுப் பின்புலம்

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் ரோம் சிப்பில் உறைந்து கிடந்தது. மாற்ற வேண்டுமானால் சிப்பையே பிடுங்க வேண்டும். பின்னர் ஃப்ளாஷ் சிப் வந்து, இருந்த இடத்திலேயே அழித்து எழுத வழி செய்தது. எழுத முடிந்ததைக் கெடுக்கவும் முடியும் என்னும் தேற்றத்தை 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் நிறுவியது: ஹார்ட் டிஸ்கைத் துடைத்ததோடு, அகப்பட்ட போர்டுகளில் பயாஸையும் குப்பையாக்கியது. பயாஸ் நம் முன்னோர் அறிந்ததே என்று நிறுவும் கட்டுரையொன்றை வேறோர் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் இன்னும் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன். அவ்விதழிடமிருந்து ஏற்பு மடல் வந்துவிட்டது.

புதுப்பிப்போர் வகைமை

புதுப்பிப்போர் மூவகையினர்.

முதலாமவர் புதிய ப்ராசஸர் வாங்கியவர். பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது. புதுப்பிக்கலாம்.

இரண்டாமவர் அறிந்த கேட்டை நீக்க முனைபவர். 2023இல் ரைசன் 7000 வரிசையில் சில ப்ராசஸர்கள் கருகியபோது, எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்டுக்கு மேல் போகவிடாமல் கட்டியது புதிய பயாஸ்தான். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் தள்ளாடியபோது, அதற்கான மைக்ரோகோடும் பயாஸ் வழியாகவே வந்தது. புதுப்பித்தே ஆக வேண்டும்.

மூன்றாமவர், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கையில் "புதுசு ஒண்ணு வந்திருக்கே" என்று கண்டவர். ஆய்வுலகம் இவரால்தான் வாழ்கிறது.

மூலபாடமும் உரைகளும்

மூன்றாமவர் போர்டு நிறுவனத்தின் தளத்தில், புதிய ஃபைலுக்குக் கீழே ஒரே ஒரு வரியைக் காண்கிறார். எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதும் அந்த நூற்பா வருமாறு:

*கணினியின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது.*

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், எதையும் சொல்லாமல் எல்லாம் சொல்லுதல் நுதலிற்று. கணினி என்றது கணினியை. நிலைத்தன்மை என்றது நிலையாக நிற்கும் தன்மையை. மேம்படுத்தப்பட்டது எனவே, முன்பு மேம்படாமல் கிடந்தது என்பதும், அதைத்தான் நமக்கு விற்றார்கள் என்பதும் உய்த்துணர வைத்தவாறு. மேம்படுத்தியவர் இன்னார் என்னாது செயப்பாட்டுவினையாற் கூறியது என்னையெனின், நாளை அது கெடுமாயின் கெடுத்தவரும் இன்னார் என்னாமை வேண்டி என்க.

முதலாம் உரைகாரர், இது ரேம் ஒத்துப்போகாத சிக்கலைக் குறிக்கும் என்பார் (காண்க: அவரே). இரண்டாம் உரைகாரர் அதை மறுத்து, ஃபேன் வேகத்தைக் குறிக்கும் என்பார் (காண்க: அவரே சொன்னதாக அவர் மாணவர் சொன்னது). மூன்றாம் உரைகாரர் இருவரையும் கடுமையாகச் சாடிவிட்டு, முதலாமவர் சொன்னதையே நானூறு பக்கத்தில் சொன்னார், அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது (காண்க: அதன் நன்றியுரை மட்டும், மற்றப் பக்கங்கள் தேர்வாளரும் காணாதவை). நாலாமவர் மூலத்தைப் பாராமல் மூன்றாமவரின் மேற்கோளிலிருந்து மேற்கோள் காட்டினார். எழுத்துப்பிழையும் மாறாமல் வந்ததால் வழிமரபு ஐயமற விளங்குகிறது (காண்க: இக்கட்டுரையாசிரியரின் வெளிவராத பெருநூல், தாள் விலை இறங்கியபின் வரவிருக்கும் பதிப்பு, அதற்கு வரப்போகும் மதிப்புரைக்கு முன்கூட்டியே எழுதிய மறுப்பு, கரையான் அரித்த ஓரம்).

பீட்டா என்று குறித்தது பாடபேதம். தக்க காரணமின்றி அதைக் கொள்ளற்க. நிறுவனத்தின் தளத்தில் இன்றி வேறிடத்தில் கிடைப்பது இடைச்செருகல். அதை எக்காரணம் கொண்டும் கொள்ளற்க. சில பதிப்புகளின் அடியில் "இதன்பின் பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது" என்ற குறிப்பு இருக்கும். அறிஞர்கள் நூற்பாவுக்கு உரை எழுதும் அவசரத்தில், உண்மையிலேயே பொருளுடைய இவ்வொரு வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஏடு போதாமற் பாடம் குறைந்ததும் உண்டு. ரைசன் 3000 வரிசை வந்த 2019இல், பி450 போர்டுகள் பலவற்றில் இருந்த 16 எம்பி சிப்பில் பழைய ப்ராசஸர்களும் புதியவையும் ஒருசேர அடங்கவில்லை. எம்எஸ்ஐ நிறுவனம் சில போர்டுகளின் பயாஸில் அலங்காரத் திரையை எளிய திரையாகச் சுருக்கி இடம் பிடித்தது. பின்பு 32 எம்பி சிப்போடு 'மேக்ஸ்' என்ற வரிசையை விட்டது. புதியது என்றால் கூடியது என்போர் இதனை உணர்க.

செய்முறை

இப்பகுதியில் பயனுள்ள செய்திகள் இருப்பதால் ஆய்வாளர்கள் தாண்டிச் செல்லலாம்.

மாடல் பெயர் மட்டும் போதாது. போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வந்த இரண்டு ரிவிஷன்களுக்கு வெவ்வேறு ஃபைல் இருக்கலாம். பென்டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து, ஜிப்பைப் பிரித்து ஃபைலைப் போட வேண்டும். புதுப்பித்தபின் பயாஸ் செட்டிங்குகள் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும் என்பதால் அவற்றை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்க. ஓவர்கிளாக் இருந்தால் அகற்றுக. விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும். இல்லையேல் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், அவ்வெண் எங்கே இருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது. யுபிஎஸ் வேண்டும். விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதைவிட பயாஸுக்குள் இருக்கும் கருவியாலேயே செய்வது நன்று.

பின்புறம் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமலும் புதுப்பிக்கலாம். கையேடு சொல்லும் பெயரை ஃபைலுக்கு எழுத்துப் பிசகாமல் வைத்து, கையேடு காட்டும் யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும்.

மையக் கருதுகோள்

எழுதத் தொடங்கியபின் செய்ய வேண்டிய பணி ஒன்றே: எதுவும் செய்யாதிருத்தல். பட்டை பாதியில் நிற்பதுபோல் தோன்றும். திரை கறுக்கும். கணினி தானே அணைந்து தானே எழும். டிடிஆர்5 ரேம் உள்ள போர்டு, முதல்முறை எழும்போது ரேமைப் பழக்கப் பல நிமிடம் எடுத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடக்கும். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் அப்பன்போல் அப்போது உலவலாம். கதவைத் தட்டக் கூடாது. போர்டைக் கொல்வது பல வேளைகளில் கரண்ட் வெட்டு அன்று, பொறுக்காமல் பவர் பட்டனை அமுக்கும் விரல். ஒற்றை வரியை ஒற்றை வரியாக விட்டுவைக்க முடியாத உரைகாரருக்கும் அதே விரல்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கெட்டுப்போனால், இரட்டை பயாஸ் உள்ள போர்டு மற்றொன்றிலிருந்து எழலாம். ஃப்ளாஷ்பேக் இருந்தால் மீண்டும் எழுதலாம். அதுவும் இல்லையேல், எட்டுக் கால் சிப்பைக் கிளிப்பால் கவ்வி ப்ரோகிராமரால் எழுதித் தருபவரிடம் கொடுக்கலாம். அவர் இதுபற்றிக் கட்டுரை எழுதியவர் அல்லர். ஆகவே வேலை தெரிந்தவர்.

முடிவுரை

கணினி ஒழுங்காக ஓடினால், அறிந்த கேடோ பாதுகாப்புக் குறையோ புதிய ப்ராசஸரோ காரணமாக இல்லாதவரை, பயாஸைத் தொடாதீர்கள். காரணம் இருந்தால் சரியான ஃபைலை எடுத்து, கணினியை யுபிஎஸ்ஸில் செருகி, தயங்காமல் புதுப்பியுங்கள். முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மேலாய்வு எதுவும் தேவையில்லை.