மருமகனுக்குக் கொஞ்சம் கவ்வாத்து

வாங்க மருமகனே, கொழும்புக் கடைக்காரரே! பஸ் வரலை, நெட்வொர்க் வரலை, கடவுளும் வரலைன்னு மூணையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு இஸ்தோப்புல குந்தியிருக்கீங்க. பஸ்ஸுக்கும் நெட்வொர்க்குக்கும் நான் பொறுப்பில்லை. மூணாவதுக்கும் பொறுப்பில்லைதான், ஆனா கோயில் சாவி என்கிட்ட இருக்கிறதால ரெண்டு வார்த்தை பேசலாம்.

காலையில இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் போனுல வெள்ளை வட்டம் ஒண்ணு சுத்துது. நீ கண்ணைச் சிமிட்டாம அதையே பார்க்கிற. அரை மணி நேரமாச்சு. திருவருகைக் காலத்துல இத்தனை பக்தியோட காத்திருக்கிற ஆளை இந்த டிவிஷன்லயே நான் கண்டதில்லை. ஞாயித்துக்கிழமை கோயில்ல திருவருகை வளையத்துல ரெண்டாவது திரியைக் கொளுத்தி முடிக்கிறதுக்குள்ள மூணு தரம் மணி பார்த்தவனும் நீதான்.

அந்தத் திரி வளையத்துக்கு ஒரு கதை இருக்கு, ஃபாதர் சொன்னது. 1839ல ஜெர்மனியில ஹம்பர்க் பட்டணத்துல விஹர்ன்னு ஒரு போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினாராம். டிசம்பர் பொறந்தா போதும், "இன்னைக்கா நத்தார், நாளைக்கா நத்தார்"னு பிள்ளைக ஒரே நச்சரிப்பு. மனுசன் பழைய வண்டிச் சக்கரம் ஒண்ணை எடுத்தாரு. வார நாளுக்குச் சின்னத் திரி, ஞாயித்துக்கிழமைக்குப் பெரிய திரின்னு சுத்தி வரக் குத்தினாரு. நாளுக்கு ஒண்ணு கொளுத்துங்க, எல்லாம் எரிஞ்சா நத்தார்னு சொல்லிட்டாரு. நம்ம கோயில்ல சக்கரத்துக்கு எங்க போறது? சைப்பிரஸ் கிளையை வளைச்சு, பிஞ்ச கொழுந்துக் கூடையோட பிரம்பால கட்டியிருக்கோம். திரியும் நாலாக் கொறைஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு மாறலை. கேட்டுக்கிட்டே இருக்கிற பிள்ளை வாயை அடைக்கிறதுக்கு வந்த சாமான் அது. அதனாலதான் உன்னை முன் வரிசையில ஒக்கார வச்சேன்.

நீ என்ன சொன்ன? "நம்ம சனம் காத்திருந்து காத்திருந்தே கெட்டுச்சு மாமா." நல்ல பேச்சு. கொழும்புல சும்மா துணி மடிக்கலை, யோசிச்சிருக்க. உங்க தாத்தாவைக் கேட்டிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பாரு.

1823ல காப்பிக்குன்னு கூட்டிட்டு வர ஆரம்பிச்ச சனம். 1948ல ஒரு சட்டம் போட்டு நீ இந்த ஊரு ஆளில்லைன்னாங்க, அடுத்த வருஷம் வோட்டும் போச்சு. 1964 அக்டோபர்ல சிறிமாவும் சாஸ்திரியும் ஒக்காந்து பங்கு பிரிச்சாங்க: அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்க, மிச்சம் ஒண்ணரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம்னு. பிறகுன்னா பத்து வருஷம். 1974ல அந்த ஒண்ணரையையும் ரொட்டி பிய்க்கிற மாதிரி பாதிக்குப் பாதி.

எங்க அப்பாரு சிலோனுக்கு எழுதிப் போட்டாரு. சித்தப்பாரு இந்தியாவுக்கு எழுதினாரு, தலைமன்னார்ல கப்பலேறிப் போனாரு. அப்பாருகிட்ட மனுவோட நகல் ஒண்ணு தகரப் பெட்டியில இருந்துச்சு. மாசம் ஒருக்கா அதை எடுத்து, வெயில் இருந்தா இஸ்தோப்புல காயப்போட்டு, காத்துல பறக்காம மேல கவ்வாத்துக் கத்தியை வைப்பாரு. ஒரு கந்தோர்ல போய்க் கேட்டா "வரும், போய்ட்டு வா"ன்னு சொல்லி அனுப்புவாங்க. வந்துச்சு. 2003ல சட்டம் வந்து மிச்சம் மீதி எல்லாருக்கும் குடியுரிமைன்னு ஆச்சு. அப்பாரு அப்ப தேயிலைக்கு உரமாப் போய்ப் பல வருஷம். மண்ணுக்குள்ள போறதுக்கு மட்டும் யாரும் அவருகிட்டக் காகிதம் கேக்கலை.

நாள் சம்பளக் கதை உனக்கே தெரியும். 2020 சனவரியில, மார்ச் ஒண்ணாந்தேதியில இருந்து ஆயிரம் ரூவான்னு சொன்னாங்க. மார்ச் சரியாத்தான் வந்துச்சு, வருஷம்தான் 2021. ஆயிரத்து முந்நூத்தி அம்பதுக்கு 2024 வரைக்கும் ஆச்சு. அதுக்குள்ள தேங்காய் விலை எங்க ஏறி நின்னுச்சுன்னு உங்க அம்மாகிட்டக் கேளு.

அதனால நீ சொன்னது பாதி சரி. மிச்சப் பாதியிலதான் உனக்குத் தலையில எண்ணெய் வைக்கணும்.

நான் சின்னப் பயலா இருந்தப்ப வீயே துரை வர்றாருன்னா தோட்டத்துல ஒரு கூத்து நடக்கும். விசிட்டிங் ஏஜெண்ட்டு. பெரிய துரைக்கே பெரிய துரை. ரெண்டு வாரத்துக்கு முந்தியே பெரட்டுல உத்தரவு வந்துரும். கான் வெட்டு, பாதை ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடி, பள்ளத்தை நிரப்பு, சரிஞ்ச அணைக்கட்டைக் கட்டு. கணக்கப்பிள்ளை நிழலைக் கண்டாலே கங்காணிமாருக்கு வேர்க்கும். வீயே வருவாரு, காரை விட்டு எறங்குவாரு, தேயிலை வாதை நாலு எடத்துல ஒடிச்சுப் பார்ப்பாரு, ஸ்டோருக்குள்ள தேத்தண்ணியைக் கொப்புளிச்சுத் துப்புவாரு, பங்களாவுல சாப்பிட்டுட்டுப் போயிருவாரு. லயத்துப் பக்கம் மட்டும் வந்ததே கெடையாது. சுண்ணாம்புக் கல்லைத் தாண்டி எங்க காம்பரா கூரையில ஓட்டை இருக்கிறது அவருக்கு எப்புடித் தெரியும்?

இப்ப திருமுழுக்கு யோவானைப் பாரு. ஒட்டக மயிர்ச் சட்டை, வெட்டுக்கிளிச் சாப்பாடு. அவரு சத்தம் போட்டது என்ன? பாதையை நேராக்கு, பள்ளத்தை நிரப்பு, மேட்டை வெட்டு. எனக்கென்னமோ அவரைப் பார்த்தா நம்ம கான் கங்காணி ஞாபகம்தான் வருது, அதே தொண்டை. ஆனா ஒரு வித்தியாசம். வரப்போற ஆளு பங்களாவுக்குப் போகலை. நேரா மாட்டுப்பட்டிக்குப் போய்ட்டாரு. சுண்ணாம்பு அடிக்காத எடமாப் பார்த்து. அந்தச் செய்தியும் முதல்ல கெடைச்சது ராக்காவல்காரனுகளுக்குத்தான்.

துரைக்குக் காத்திருக்கிறதுன்னா கையக் கட்டிக்கிட்டு நிக்கிறது. நான் சொல்ற காத்திருப்புல கையில மம்பட்டி இருக்கும். சங்கத்துக்குப் போறவனும் கூலி கேக்கிறவனும் சாமி கும்பிடக் கூடாதுன்னு எவன் சொன்னான்? சாமி பேரைச் சொல்லி உன்னை வாயை மூடச் சொல்றவன் கிட்டதான் நீ மணி பார்க்கணும்.

நேத்து மேமலைப் பக்கம் நடந்து போய்ட்டு ஓடி வந்தியே, "மாமா, அஞ்சாம் நம்பர் மலையை அழிச்சிட்டாங்க, வெறும் குச்சியா நிக்கிது"ன்னு. தோட்டத்துப் பிள்ளை பேசுற பேச்சா அது? கொழும்புத் தண்ணி மூணு வருஷத்துல கவ்வாத்தையே மறக்க வச்சிருச்சு. நாப்பது வருஷம் நான் பார்த்த வேலைடா அது. நாலு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா செடியை முட்டி உசரத்துக்கு வெட்டுறது. வெட்டுனாத்தான் வாது புதுசா வரும், இல்லாட்டி வங்கியாப் போயிரும். ஆனா வந்த உடனே கத்தியை வீசிற முடியாது. முதல்ல அந்த மலையில கொழுந்து எடுக்கிறதை நிப்பாட்டிச் செடியை ஓய விடணும். பிறகு ஒரு வேரை நறுக்கி அயடின் தண்ணி விட்டுப் பார்ப்பாங்க. கருநீலமா மாறினா உள்ள மாவுச்சத்து இருக்கு, வெட்டலாம். நெறம் மாறலைன்னா கத்தியை உறையில போட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்ப வெட்டினா செத்துப்போகும்.

வெட்டுறப்பவும் சில மலையில ஒரு கிளையை இலையோட விட்டு வைப்போம், செடி மூச்சு விடுறதுக்கு. பிறகு ரெண்டு மூணு மாசம் யாரும் அந்தப் பக்கம் கூடையோட போகமாட்டாங்க. பாசியைச் சொரண்டுவோம், கானை எடுப்போம். தொட்டுப் பார்த்தா வெறகு. ஒரு நாள் காலையில பனி எறங்குறப்ப உத்துப் பார்த்தா, அந்தக் காஞ்ச தோல்ல எறும்பு மூஞ்சி மாதிரி ஒரு செவப்பு மொட்டு. அதைப் பார்த்துட்டு இனிமே நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லைன்னு பீடியைப் பத்த வச்சுக்குவேன். உங்க அத்தைக்கு அதுலதான் கோவம்.

தவக்காலம் மாதிரியே இந்த நாலு வாரமும் ஓய விடுற காலம்னு ஃபாதர் சொல்றாரு. எனக்கு அயடின் ஞாபகம்தான். உன் வேரை நறுக்கி ஊத்தினா என்ன நெறம் வருமோ, கடைக்கார முதலாளிக்குத்தான் வெளிச்சம்.

செக்கரியா கதை தெரியுமா? வயசான குரு. வாழ்க்கை பூராப் பிள்ளை கேட்டு வேண்டிக்கிட்டவரு. வானதூதர் வந்து இந்தா பிள்ளைன்னா, "இதை எப்புடி நம்புறது, நான் கெழவனாச்சே"ன்னாரு. அவ்வளவுதான், வாயைக் கட்டிட்டாங்க. பிள்ளை பொறந்து பேரு வைக்கிற வரைக்கும் பலகையில எழுதித்தான் பேச்சு. உனக்கு அப்புடி ஒம்போது மாசம் கெடைச்சா எங்க அக்கா மெழுகுதிரி பெட்டியோட கொளுத்துவா. இன்னொரு பக்கம் அன்னான்னு ஒரு கெழவி, எம்பத்தி நாலு வயசு. கோயிலை விட்டு நகராமக் கெடந்து கடைசியில இயேசு பிள்ளையைப் பார்த்துட்டா. பார்த்துட்டுச் சும்மா இருந்தாளா? வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லித் தீர்த்தா. நம்ம புள்ளக்காம்பரா ஆயா மாதிரி இருந்திருப்பான்னு நெனைக்கிறேன்.

இதெல்லாம் பகடி. ஒண்ணு மட்டும் பகடி இல்லை.

2025 நவம்பர் 28ஆம் தேதி டித்வா புயல் வந்துச்சு. நாடு பூராவும் 600 பேருக்கு மேல போய்ட்டாங்க. மண் சரிஞ்சது அதிகமா நம்ம மலைப் பக்கம்தான், கண்டி, நுவரெலியா, பதுளைன்னு. நீ கொழும்புல கழுத்தளவு வெள்ளக் கதையோட இருந்த. இங்க பணிய லயத்துச் சனத்தை ராவோட ராவாப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தினோம். ரெண்டு நாள் கழிச்சு 30ஆம் தேதி, திருவருகை முதல் ஞாயிறு. ஃபாதர் வர வழியில்லை. கரண்ட் இல்லை. வளையம் கோயில்ல கெடந்துச்சு. யாரோ ஒரு பிள்ளை, "தாத்தா, இன்னைக்கு முதல் திரி"ன்னுச்சு. என்னோட பையில பாதி எரிஞ்ச ஒரு துண்டுதான் இருந்துச்சு. பிஸ்கட் டின் மூடியில ஒட்டி வச்சேன். பக்கத்துல பாய் போட்டிருந்த முருகன் கோயில் பூசாரிதான் நெருப்புக்குச்சி கொடுத்தாரு. எல்லாரும் அந்த வெளிச்சத்துல ஆளை ஆளு எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு எனக்குச் செபம் வரலை மருமகனே. ஏன்னும் கேக்கத் தோணலை, கேட்டு வாய் கட்டிப்போனாலும் பரவாயில்லைங்கிற மாதிரி ஒரு நெலை. பூசாரிதான் என் தோளைத் தட்டி, "திரி கரையுது, பிள்ளைகளுக்குச் சாயத்தண்ணி ஊத்திரலாமா"ன்னாரு. ஊத்தினோம். மத்ததெல்லாம் ஃபாதரைக் கேளு, படிச்சவரு.

காத்திருக்கிற கதைக்கே திரும்ப வர்றேன். வருஷா வருஷம் உந்துவப் போயாவோட சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறும், நீயும் ஏறியிருக்க. நல்லதண்ணியில ராத்திரி பொறப்பட்டு, அஞ்சாயிரத்துக்கு மேல படி, உச்சியில பல்லுத் தந்தியடிக்க ஒக்காந்திருப்ப. புத்தர் பாதம்னு வர்றவன், சிவன் பாதம்னு வர்றவன், ஆதாம்னு வர்றவன், எல்லாம் ஒரே பக்கமாத்தான் மூஞ்சியத் திருப்பி வச்சிருப்பான். சூரியன் லேட்டுன்னு அங்க ஒருத்தனும் ஏசி நான் கேட்டதில்லை. அடுத்தவன் போர்வைக்குள்ள காலை நுழைச்சிருவான், அவ்வளவுதான். நீ அன்னைக்கு யாரோ ஒரு சிங்களக் கெழவியோட போர்வைக்குள்ள தூங்கிட்டு விடியலையே கோட்டை விட்டுட்டு வந்த, அது வேற.

சரி எந்திரி. போனைச் சார்ஜுக்குப் போடு, வட்டம் அதுபாட்டுக்குச் சுத்தட்டும். 14ஆம் தேதி மூணாவது ஞாயிறு, ஃபாதர் வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. பாலத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் மண்ணு கெடக்கு, மோட்டார் சைக்கிள் ஏறாது. மம்பட்டி கதவுக்குப் பின்னால இருக்கு. அந்த நல்ல சப்பாத்தைக் கழட்டு, மாமன் பழைய பூட்ஸைப் போட்டுக்க.

ஆமா, ஹட்டன்ல எறங்கினப்ப மூணாவது ஞாயித்துக்கு ரோஸ் திரி வாங்கிட்டு வரச் சொன்னேனே? என்னடா இது, பச்சையா இருக்கு? ரோஸ் இல்லைன்னா கடைக்காரன் குடுத்ததை வாங்கிட்டு வந்திருவியா? போ, போ, அத்தைக்கிட்ட குங்குமம் இருக்கான்னு கேளு. வெள்ளைத் திரி ஒண்ணை உருக்கிப் பார்ப்போம்.